முடக்கிலக்கணம்: மூத்த கேமிங் கணினியைக் குறைந்த பேரில் புதுப்பித்தல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தமிழில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகுவோர் முதலில் சொல்லாராய்ச்சியில் இறங்க வேண்டும் என்பது மரபு. இருக்கும் பக்கங்களில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியில் நன்றியுரை எழுதலாம். பொருளைத் தொடவேண்டிய இக்கட்டு நேராது. இக்கட்டுரையும் அம்மரபை மீறத் துணியவில்லை. தமிழ்நாட்டார் 'கணினி' என்று எழுதுவர். இலங்கையில் நெடுங்காலம் 'கணனி' என்று எழுதினோம். இன்றும் எழுதுவோர் உண்டு. இடையில் நிற்கும் அந்த ஓர் இகரத்துக்காகக் கூடிப் பேசியவர்கள் குடித்த தேநீரின் செலவைச் சேர்த்து வைத்திருந்தால் இந்த ஆய்வுக்குரிய கணினிக்கு எட்டு ஜிபி ரேம் வாங்கியிருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் பணிவான மதிப்பீடு. அந்தத் தேநீரின் கொழுந்தைப் பறித்த தோட்டத்தில் அதன் பெயர் 'கம்பியூட்டர்'. அதன் உள்ளுறுப்புகளைக் கலைச்சொல் அகராதிகள் தாய்ப்பலகை என்றும் வரைகலை அட்டை என்றும் அழகாகவே பெயரிட்டுள்ளன. ஆனால் ஹட்டன் கடைத்தெருவில் 'வரைகலை அட்டை உண்டா' என்று கேட்டால் கலியாணக் கார்ட் அச்சடிக்கும் கடைக்கு வழி காட்டுவார்கள். 'வீஜிஏ' என்றால் எடுத்து மேசையில் வைப்பார்கள். ஆகவே போர்ட், ரேம், வீஜிஏ, ஹார்ட், பவர் சப்ளை, கேசிங் என்னும் வழக்குச் சொற்களே ஈண்டு ஆளப்படும். வழக்கையும் செய்யுளையும் ஒருசேர நாடியவர் என்று பாயிரம் போற்றும் தொல்காப்பியர் இதற்குக் கோபிக்கமாட்டார். அவர் பெயரால் பிழைப்பவர்கள் கோபிக்கலாம்.

இத்துறையில் முந்தைய ஆய்வுகள் எதுவும் இல்லை. ஆயினும் அவை அனைத்தும் போதாமை உடையன.

ஆய்வெல்லை கினிகத்தேனை ஏற்றத்தில் தொடங்கி ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா வழியாக இராகலையில் முடிகிறது. ஆய்வுக்குரிய மாதிரிக் கணினி ஒரு தனிக் கணினி அன்று, ஓர் இனம். கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் அடித்து ஓய்வுபெற்றபின், 'ரீகண்டிஷன்' என்னும் மறுபிறப்பெடுத்து மலையேறியது. 2012இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5 3470 அதன் மூளை. எச்61 வகைப் போர்ட். அதில் ரேமுக்கு இரண்டே துளைகள். இரண்டிலும் இரண்டு இரண்டு ஜிபி. 500 ஜிபி ஹார்ட். கேசிங்கோடு இலவசமாக வந்த பவர் சப்ளை. வீஜிஏ இல்லை. இதை எள்ளுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2015இல் கணினிக்கு வந்த ஜிடிஏ ஃபைவ் விளையாட்டின் பரிந்துரைப் பட்டியலில் இதே 3470 பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. குறைந்தபட்சத் தகுதிப் பட்டியலில் அன்று, பரிந்துரைப் பட்டியலில். ஆக, மூளை பாடல் பெற்ற தலம். சுற்றியுள்ள மண்டபங்கள்தாம் பாழ்.

அளவைக்கு வருவோம். விலையை ரூபாவில் சொல்வது இங்கு பொருந்தாது; ரூபா நிலையான அளவுகோல் அன்று என்பதை 2022ஆம் ஆண்டு ஐயந்திரிபற நிறுவிவிட்டது. தோட்டத்துக்கு அதைவிடப் பழைய அளவை ஒன்று உண்டு: பேர். ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர் விழும். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். 2024இல் வர்த்தமானி மூலம் நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா. 2023இல் ஆர்டிஎக்ஸ் 4060 என்னும் நடுத்தர வீஜிஏவை உற்பத்தியாளர் அறிவித்த விலை 299 டாலர். டாலரை 300 ரூபாவாகக் கொண்டால் 89,700 ரூபா. அதாவது 66 பேரும் ஏறக்குறைய ஓர் அரைப்பேரும். 2024 ஜனவரி முதல் 18 வீதமான வற் வரியைச் சேர்த்தால் 78 பேரைத் தாண்டும். கப்பற்கூலியும் கடைக்காரரின் இலாபமும் இதில் சேரவில்லை. மாதம் 25 பேர் தவறாமல் விழுந்து, அந்த வீட்டில் யாரும் மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடாமலும் இருந்தால் அந்தக் கார்ட் வீடு வந்து சேரும். எனவே 'குறைந்த செலவு' என்பதை முப்பது பேருக்கு மேற்படாத தொகை என்று இவ்வாய்வு வரையறுக்கிறது. முப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு: வரையறை செய்பவனிடம் காரணம் கேட்பது ஆய்வறம் ஆகாது.

இனி, கருதுகோள். சின்னக் காசில் கணினியைப் புதுப்பிக்க முடியாது. அதன் முடக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றத்தான் முடியும். முடக்கு என்பது மலைநாட்டுப் பாதை வழக்கு. றம்பொடைப் பக்கம் ஏறிய எவருக்கும் விளக்கம் தேவைப்படாது: பாதையின் ஒரு துண்டை அகலமாக்கினால் அங்கே நின்ற வாகன வரிசை கலையாது, அடுத்த முடக்கில் போய் நிற்கும். கணினிக்குள் நடப்பதும் இதுவே. விளையாட்டின் ஒவ்வொரு காட்சித் துண்டையும் மூளை கணக்கிட்டுக் கொடுக்க, வீஜிஏ வரைகிறது. இடையில் வேண்டிய சரக்கை ஹார்ட் ரேமுக்கு ஏற்றுகிறது. மலையில் கொழுந்தை எவ்வளவு விரைவாகப் பறித்தாலும் நிறுக்க ஒரே தராசு என்றால் எல்லாரும் தராசடியில்தான் நிற்க வேண்டும். மிக மெதுவான உறுப்பின் வேகமே மொத்தத்தின் வேகம். ஆகவே அறிவுள்ளவர் தேடவேண்டியது முடக்கில்லாத கணினியை அன்று. முடக்கு எங்கே இருந்தால் உயிர் போகாதோ அந்த இடத்தை. இதற்கு நேர்மாறான பாதையில் போனவர் கதையை நம்மவர்கள் வெகுகாலத்துக்கு முன்பே சொல்லிவைத்திருக்கிறார்கள்: கோவணத்தை எலி கடித்தது என்று பூனை வளர்த்து, பூனையின் பாலுக்காகப் பசு வாங்கி, பசுவைப் பார்க்கக் கலியாணமும் கட்டிக்கொண்ட சன்னியாசி. வீஜிஏவில் தொடங்கிப் பவர் சப்ளைக்கும், அதிலிருந்து கேசிங்குக்கும், கேசிங்கிலிருந்து போர்ட்டுக்கும், போர்ட்டிலிருந்து மூளைக்கும் ரேமுக்கும் போனவர் கடைசியில் பழைய கணினியில் மிச்சம் வைத்திருப்பது கோவணம்கூட அன்று, அதன் முடிச்சு மட்டுமே.

ஹார்ட் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. மாதிரியில் இருப்பது சுழலும் தட்டு. தொடர்ச்சியாக வாசித்தால் வினாடிக்கு நூறு சொச்சம் எம்பி தரும், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகள் என்றால் நொண்டும். எஸ்எஸ்டி போட்டால் அது பலமடங்கு ஆகும். எச்61 போர்ட்டின் சாட்டா துளை பழைய வகை, வினாடிக்கு 300 எம்பியோடு கதவைச் சாத்திவிடும், 550 எம்பி ஓடக்கூடிய எஸ்எஸ்டி அங்கே வீண் என்று ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. அற்றன்று. பாதி வேகத்தில் ஓடினாலும் அது பழையதைவிடப் பன்மடங்கு விரைவு; மேலும் அது நாளை வேறு கணினிக்குக் குடிபோகக்கூடிய சொத்து. எஸ்எஸ்டியால் காட்சிகளின் வேகம் கூடாது என்பதும் உண்மை. ஆனால் கணினி விழித்தெழுவதற்குள் தேநீர் ஊற்றி, குடித்து, கோப்பை கழுவி வைக்கும் அவகாசம் போய்விடும். தேயிலைத் தொழிலுக்கு இதனால் வரும் நட்டத்தைத் தனியாக ஆராய வேண்டும்.

ரேமில் விஷயம் சற்று இனிக்கிறது. துளை இரண்டே என்பதால் இருப்பவற்றைக் கழற்றிவிட்டு நான்கு நான்காக எட்டு ஜிபி போடவேண்டும். ஒரே எட்டைவிட இரண்டு நான்கு மேல், ஏனெனில் இரண்டு துளையும் நிறைந்தால் மூளை இரு வாய்க்காலில் ஒரே நேரம் நீர் இறைக்கும். வாங்கவேண்டியது டிடிஆர்3. கடையில் புதிதாகக் கிடைப்பது டிடிஆர்4, டிடிஆர்5. அவை இதில் ஏறா. டிடிஆர்3க்கு 240 ஊசி, டிடிஆர்4க்கு 288, நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஒருகாலத்தில் கொழும்பிலிருந்து வந்த பெரிய ரயில் நானுஓயாவில் நிற்கும். நுவரெலியாவுக்கும் கந்தப்பளைக்கும் இராகலைக்கும் போகிறவர்கள் இறங்கி 2 அடி 6 அங்குலப் பாதையில் ஓடிய சின்ன ரயிலில் ஏறவேண்டும். அந்தச் சின்னப் பாதையைப் பிடுங்கிப் பல பதிற்றாண்டுகள் ஆகின்றன. அகலப் பெட்டியைக் குறும்பாதையில் ஏற்ற முடியாது என்னும் அறிவு மட்டும் அதனோடு போய்விட்டது போலும். டிடிஆர்4ஐ அழுத்தி ஏற்றப் பார்த்து உடைந்த துளைகளைக் கடைதோறும் காணலாம் (ஆதாரம்: வாய்மொழி).

இனி இவ்வாராய்ச்சியின் இருதயத்துக்கு வருகிறோம்: அழிறப்பர். ரேம் மாற்றிய பின்னும், மாற்றாத போதும், மழை பிடித்தாலும், யாராவது கேசிங்கில் காலிடித்தாலும், கணினி திரை காட்டாமல் கூவத் தொடங்கும். இக்கூவலை 'பீப்' என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடுவது யாப்பறியாதார் செயல். பழைய அவார்ட் பயோஸ் வழக்கில் நெடிய கூவல் விட்டு விட்டுத் தொடர்ந்தால் ரேமில் குற்றம். ஒரு நெடிலும் இரு குறிலும் வந்தால் வீஜிஏவில் குற்றம். நெடில் தனித்து வந்தால் நேரசை. இரு குறில் இணைந்தால் நிரையசை. ஆகவே ரேம் பழுதான கணினி நேர் நேர், நேர் நேர் என்று தேமாவில் அழுகிறது. வீஜிஏ பழுதான கணினி நேர் நிரை என்று கூவிளத்தில் அழுகிறது. கூவுவது கூவிளம் என்னும் பெயர்ப் பொருத்தத்தை இதுவரை எவரும் சுட்டாதது வியப்பே. தமிழின் சீர்கள் தைவானில் செய்த போர்ட்டுக்குள் எவ்வாறு புகுந்தன என்பதை விளக்கக் கடலில் மூழ்கிய கண்டம் ஒன்று தேவைப்படும். அதை வழங்கவல்ல அறிஞர்கள் நம்மிடையே குறைவின்றி உள்ளனர் என்பதால் இக்கட்டுரையாளர் அந்தச் சிரமத்தை மேற்கொள்ளவில்லை.

தேமா கேட்டவுடன் ரேமைக் கழற்ற வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கழற்றியபின் என்ன செய்வது என்பதில் மூன்று மரபுகள் உள்ளன. முதலாவது ஊதல் மரபு. கேம் கசெட்டை ஊதிச் செருகிய காலத்திலிருந்து வருவதால் இதுவே தொன்மையானது. 'ஃபூ' என்று ஒருமுறை, ஐயமிருந்தால் இருமுறை. வாய்க்காற்றில் ஈரம் உண்டு என்னும் தடையை, நுவரெலியாவில் எல்லாக் காற்றிலும்தான் ஈரம் உண்டு என்று சொல்லி இம்மரபினர் தள்ளிவிடுவர் (ஆதாரம்: வாய்மொழி, 'மச்சான்' என்னும் விளியோடு தொடங்கும் பாடம்). இரண்டாவது தேய்ப்பு மரபு. ரேமின் அடியிலுள்ள பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளையின் அழிறப்பரால் தேய்த்துச் செருகுவது. மலைநாட்டில் இன்று ஓங்கி நிற்பது இதுவே. இதனுள்ளும் உட்பிரிவுகள் உள. வெள்ளை அழிறப்பரே உகந்தது என்பர் ஒரு சாரார். பென்சில் முனையிலுள்ள இளஞ்சிவப்பே வீரியமுடையது என்பர் மறு சாரார். மேலிருந்து கீழாகத் தேய்ப்பதா, இடமிருந்து வலமாகவா என்பதில் வடகலையும் தென்கலையும் தோற்கும் பிணக்கு உண்டு. கோயில் யானைக்கு நாமம் போடும் வழக்கைப் போலவே இதிலும் யானையைக் கேட்பதில்லை. தேய்த்தபின் உதிரும் துகளை ஊதித் தள்ளவேண்டியிருப்பதால், தேய்ப்பு மரபு ஊதல் மரபை உட்கொண்டு வளர்ந்தது என்னும் வரலாற்று உண்மையும் இங்கே புலனாகிறது (ஆதாரம்: கடை மேசைக் கண்ணாடிக்கு அடியிலுள்ள துண்டுச் சீட்டு, முன்பக்கம், ஆணிப்பெட்டி மறைக்காத பகுதி, 'கடன் இல்லை' என்னும் வரிக்குக் கீழே, 'கட்டாயம்' என்னும் சொல்லுக்கு இடப்பக்கம்).

மூன்றாவது செருகல் மரபு, சிறுபான்மையினர். இவர்கள் சொல்வது: அப்பற்களின் மேற்பூச்சு தங்கம், தங்கம் துருப்பிடிக்காது. படிந்திருப்பது தூசும் விரல் எண்ணெயும்தான். கழற்றி மறுபடி செருகும்போது துளைக்குள் இருக்கும் கம்பிகள் உரசுவதிலேயே அது நீங்கிவிடும். அழிறப்பர் செய்ததெல்லாம் மயிரிழையிலும் மெல்லிய அந்தத் தங்கப் பூச்சைக் கொஞ்சம் கரைத்ததே. இவர்கள் கூற்றைச் சோதிப்பது மிக எளிது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்ற வேண்டும். தேய்க்காமல், ஊதாமல், அப்படியே செருகிப் பார்க்க வேண்டும். இச்சோதனையை எவரும் செய்வதில்லை. தேய்க்காமலே சரியாகிவிட்டால் இத்தனை நாள் தேய்த்தவரின் மதிப்பு என்னாவது? மூலச்சுவடியைத் திறந்து பார்த்தால் தீரக்கூடிய பாடபேதத்தை, திறக்காமலே வாழ்நாள் முழுதும் நடத்திச் சென்ற பெரியோர்களை அறிந்தவர்களுக்கு இந்த மௌனம் புதிதாகத் தோன்றாது. மேலும், தேய்ப்பதில் ஒரு நன்மை உண்டு: பார்த்து நிற்பவர் பணம் கொடுக்க ஒப்புவார். கழற்றிச் செருகியதற்கு யார் கொடுப்பார்கள்? இக்கட்டுரையாளர் செருகல் மரபின் பக்கமே சாய்கிறார், ஆனால் மேசையில் ஓர் அழிறப்பர் இருப்பதை எதிர்க்கவில்லை (ஆதாரம்: உத்தரவாத ஸ்டிக்கர், கிழிந்த பிரதி, 'கிழித்தால் செல்லாது' என்னும் நூற்பாவும், கிழித்த பின்னரே வாசிக்கக் கிடைத்த அதன் இரண்டாம் அடியும், மாதத்தின் பெயர் இடைச்செருகல் என்பாரும் உளர், ஓரத்தில் பேனாவால் எழுதி அழிறப்பரால் அழிக்க முயன்ற குறிப்பு, அழியாத மையில், பின்பக்கத்தில் பசை, பசையில் ஒட்டிய சிற்றெறும்பு ஒன்று, காலம் கணிக்கப்படவில்லை).

மொனிட்டர்: தெரிந்தால் போதும்.

கீபோர்ட்: தேநீர் படாதவரை நீடூழி வாழும். வண்ண விளக்கெரியும் காற்றாடி: திருவிழாவுக்குத் தனி வரவுசெலவு உண்டு.

பவர் சப்ளையை ஆராயச் சாசனவியல் வேண்டும். அதன் பக்கவாட்டில் ஒட்டிய தாளில் பெரிய எழுத்தில் 500 வாட் என்றிருக்கும். இதை அப்படியே எடுத்து எழுதுவோர் மெய்க்கீர்த்தியை வரலாறாக எடுத்து எழுதுவோர்க்கு உடன்பிறந்தார். முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகள் மன்னன் வென்ற நாடுகளின் புகழ்ச்சியோடுதான் தொடங்கும். கல்வெட்டின் விஷயம் அதற்குக் கீழே, எந்த ஊரில் எத்தனை வேலி நிலம், எத்தனை விளக்கு என்னும் சிறு வரிகளில் இருக்கும். பவர் சப்ளையிலும் 500 வாட் மெய்க்கீர்த்தி. தானம் கீழேயுள்ள சிறு கட்டத்தில், 12 வோல்ட் என்னும் நிரலில் இருக்கிறது. அங்கே 14 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 12ஐ 14ஆல் பெருக்கி 168 வாட் என்று கொள்க. மூளைக்கும் வீஜிஏவுக்கும் உரியது அந்த 168தான். மீதி நாடுகள் புலவன் வென்றவை. ஐ5 3470இன் மின்னளவு 77 வாட். ஒரு வீஜிஏ, போர்ட்டின் துளை வழியாக மட்டும் எடுக்கக்கூடிய உச்சம் 75 வாட். இரண்டும் சேர்ந்தால் 152. ஹார்ட்டும் காற்றாடியும் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதாவது, தனிக் கம்பி கேட்காத வீஜிஏவைத் தாண்டினால் பூனைக்குப் பால் தேடும் படலம் தொடங்கிவிடும். பவர் சப்ளையை மாற்ற மனமுள்ளவர் மாற்றலாம். பெயருள்ள ஒன்றை வாங்கினால் எஸ்எஸ்டியைப் போலவே அதுவும் அடுத்த கணினிக்குக் குடிபோகும். சில ரீகண்டிஷன் அலுவலகக் கணினிகளில் அதுவும் இயலாது: டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றில் வழக்கமான 24 ஊசிக்குப் பதில் எட்டு ஊசிக் கொண்டை, ஊரிலுள்ள எந்தப் பவர் சப்ளையும் இடைக் கம்பி இல்லாமல் அதில் கொளுவாது.

இந்த அளவுக்குள் அடங்கும் வீஜிஏக்கள் யாவை எனின்: 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 60 வாட், 2016இல் வந்த 1050 டிஐ, 75 வாட், 2019இல் வந்த 1650, அதுவும் 75 வாட். இம்மூன்றிலும் தனிக் கம்பி கேட்கும் சில வகைகள் உண்டு, பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்கவேண்டும். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400 கம்பி கேட்காது, வயதும் குறைவு; ஆனால் துளையின் பதினாறு வழிகளில் நான்கை மட்டுமே பயன்படுத்தும். புதிய போர்ட்டில் அந்த நான்கே போதும். பழைய போர்ட்டில் ஒவ்வொரு வழியும் குறுகல். நான்கு குறுகல் வழியில் ஊர்ந்தால் முடக்கை நாமே விலைகொடுத்து வாங்கியதாகும். மலிவு என்று ஆசை காட்டும் இன்னொரு வகை ஆர்எக்ஸ் 580. 2022 செப்டெம்பரில் ஈதேரியம் நாணயத்தை வீஜிஏ கொண்டு தோண்டும் முறை நின்றபோது, இரவுபகலாக ஓடிய கார்ட்கள் உலகெங்கும் பழைய சாமான் சந்தைக்குள் கொட்டின. வேகத்தில் குறையில்லை, 185 வாட் கேட்கும். மேற்படி 168 வாட் பவர் சப்ளையில் அதைக் கொளுவுவது, கூடையில் கொள்ளுமா என்று பாராமல் மலையைப் பெயர்ப்பதற்கு ஒப்பு.

தடைகளுக்கு விடை கூறல். கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்து ஒரேயடியாகப் புதிது வாங்கினால் என்ன என்பது முதல் தடை. சேர்க்கிறவர் நிற்கும் இடத்திலேயே விலையும் நின்றால் இது சரி. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 ரூபா அளவில் இருந்தது. இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. சீட்டுப் பிடித்தவர் கையில் பணம் வந்தபோது பொருள் ஒரு மலை தள்ளிப் போயிருந்தது. அந்த மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரமும் இல்லை என்பதால், வாங்கியிருந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். துண்டு துண்டாக வாங்கியவர் கையிலாவது துண்டு இருந்தது.

பழையதைத் தூக்கிப்போட்டு அடியோடு மாற்றுவதே அறிவுடைமை என்பது இரண்டாம் தடை. இதற்கு விடையைத் தேயிலையே சொல்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உண்டு, 1925இல் தொடங்கியது. மறுநடுகையின் நன்மைகளை அங்குள்ளோர் தலைமுறைகளாக எடுத்துரைத்து வருகின்றனர், சரியாகவே. ஆனால் மறுநடுகை என்றால் பழைய செடியைப் பிடுங்கி, ஒன்றரை இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றி, பிறகு கன்று வைத்து, அது கொழுந்து தரும்வரை காத்திருக்க வேண்டும். அத்தனை காலம் அந்த மலையில் வருமானம் இல்லை. ஆகவே கம்பனிகள் என்ன செய்கின்றன? செத்த செடி நின்ற இடத்தில் மட்டும் கன்று வைத்து நிரப்புகின்றன. இருப்பதைக் கவ்வாத்து வெட்டி மறுபடி துளிர்க்க விடுகின்றன. லயங்களுக்கும் அதே நீதி: தகரம் மாறும், சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும், பத்துக்குப் பன்னிரண்டடி அறை மட்டும் பத்துக்குப் பன்னிரண்டடியாகவே இருக்கும். முதலாளிகள் மூலதனத்தோடு செய்யாத மறுநடுகையை முப்பது பேர் காசில் ஒரு பையன் செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன பொருளாதாரம்?

குளிர் நாடாயிற்றே, கணினி சூடாகாது, அதிலாவது மிச்சம் என்பர் சிலர். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம்; அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றாடி சுற்றுவது மெல்லிய காற்றை. குளிர் கொடுப்பதில் ஒரு பகுதியை உயரம் எடுத்துக்கொள்கிறது. வரவுக்கும் செலவுக்கும் பிறகு கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சுவதை ஈரம் தின்னும்.

பிறகு, விண்டோஸ். 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 உள்ளே விடுமுன் மூளையைப் பார்த்து நீ எத்தனையாம் தலைமுறை என்று கேட்கிறது. இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியோருக்கு அனுமதி இல்லை. நமது 3470 மூன்றாம் தலைமுறை. உழைத்த வருடம் எத்தனை, இன்னும் உழைக்குமா என்னும் கேள்விகள் விண்ணப்பத்தில் இல்லை. தகப்பன் பிறந்த இடம், பாட்டன் பிறந்த இடம் என்று தலைமுறை கேட்ட 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நினைவிலுள்ள மலைநாட்டில், இந்த வினாவுக்கு விளக்கவுரை எழுதவேண்டியதில்லை. பதிவில்லாமல் வாழும் வழிகளும் உண்டு, லினக்ஸ் போல. ஆனால் வாலரன்ட் போன்ற சில விளையாட்டுகள் அங்கே வாரா.

போனிலேயே விளையாடலாமே என்பது கடைசித் தடை, வலுவானதும் அதுவே. மலையில் பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடுவது போனில்தான். இதற்கு ஒரே விடைதான் உண்டு. போனைத் திறக்க முடியாது. திறக்க முடியாததைப் புதுப்பிக்க முடியாது. புதுப்பிக்க முடியாததைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. முனைவர் பட்டங்கள் பலவற்றின் அடித்தளம் இதனினும் உறுதியானதன்று.

மேற்சொன்ன வரிசையில், முதலில் எஸ்எஸ்டி, பிறகு ரேம், கடைசியில் கம்பி கேட்காத ஒரு 1050 டிஐ என்று பேர் விழ விழ வாங்கிப் பொருத்திய கணினியில் ஜிடிஏ ஃபைவ் கண்ணுக்கு உறுத்தாமல் ஓடும். முடக்கு இப்போது வீஜிஏவில் இருக்கும். அது நல்ல இடம், திரைக்காட்சியின் நுணுக்கத்தை ஒரு படி இறக்கினால் வழி விட்டுவிடும். ஒரு வாரம் அதைப் பார்த்தபின் அந்த வீட்டார் மறுபடி போடுவது 2006இல் வந்த கிரிக்கெட் 07. அது புதுப்பிக்கு முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இம்முடிவு கருதுகோளோடு முரண்படுகிறதா என்று கேட்டால், முரண்படும் தரவுகளைப் பின்னிணைப்பில் சேர்ப்பது வழக்கம். இக்கட்டுரைக்குப் பின்னிணைப்பு இல்லை.

கழற்றிய இரண்டு ஜிபி ரேம்கள் இரண்டும் சோப்பு டப்பா ஒன்றில் ஒரு மாதம் இருந்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போகும். அங்கே இதைவிட மூத்த கோர் டூ டுவோ ஒன்று இருக்கிறது, பிள்ளைக்கு ஏ.எல். பாடக் குறிப்பு எடுக்க என்று வாங்கியது. செருகி, கம்பி கொளுவி, சுவிட்சைப் போட்டால் திரை வராது. கூவும். தேமா, தேமா. வீடு முழுக்க அழிறப்பர் தேடுவார்கள். பிள்ளை அதைப் பள்ளிக்கூடப் பையில் கொண்டு போயிருக்கும்.